மனித வாணிகமும் அரசுகளின் மதிப்பெண்ணும்

பள்ளியிற் பயிலும் பிள்ளைகளுக்கு ஆண்டு முடிவில் மதிப்பெண் வழங்குவது நாம் அறிந்ததே. அரசாங்கங்களுக்கும் அவ்வாறு மதிப்பெண் இடுவார் உளரோ என்று கேட்டால், உளர் என்பதே விடை. மனிதரை மனிதர் விலைப்பொருளாக்கும் கொடுமையை ஒழிப்பதற்கு ஒவ்வோர் அரசாங்கமும் எவ்வளவு முயன்றது என்பதை ஆண்டுதோறும் ஆராய்ந்து தரம் பிரிக்கும் வழக்கம் 2001 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அவ்வறிக்கை வெளியாகும்போது, 'இந்தியா இரண்டாம் தரத்தில்' என்று நாளிதழ்களில் ஒரு வரி வரும். படிப்பவரிற் சிலர் வருந்துவர், சிலர் வெகுள்வர், பலர் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவர். அவ்வரியின் பொருள் யாது? அளந்தவர் யார்? அளந்த கோல் நேரானதா? ஊரை விட்டு வேற்று மாநிலத்திற் பிழைக்கும் தமிழருக்கு அதனால் ஆவது என்ன? இவற்றையே இன்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்க முற்படுகிறேன்.

முதலிற் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்துறையில் அடிக்கடி இடர் விளைப்பது 'கடத்தல்' என்னும் சொல். ஒருவரை வலிந்து தூக்கிச் செல்வதையும் கடத்தல் என்கிறோம். கடவுச்சீட்டு இல்லாதவரைக் கூலி பெற்றுக்கொண்டு நாட்டெல்லை தாண்டிவிடுவதையும் கடத்தல் என்கிறோம். ஒருவரை ஏய்த்து அழைத்துச் சென்று அவருடைய உழைப்பையோ உடலையோ உறிஞ்சிப் பிழைப்பதையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். மூன்றும் வெவ்வேறு குற்றங்கள். நாம் இன்று பேசுவது மூன்றாவதைப் பற்றி. அதனை 'மனித வாணிகம்' என்று வழங்குவதே பொருத்தம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2000 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இத்தாலி நாட்டின் பாலெர்மோ நகரிற் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டமையால் அதனைப் பாலெர்மோ உடன்படிக்கை என்பர். அஃது இக்குற்றத்திற்கு மூன்று உறுப்புகள் வகுத்தது. ஒருவரை வேலைக்குச் சேர்த்தல், கொண்டு செல்லுதல், வைத்திருத்தல், ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய செயல்களுள் ஒன்று இருத்தல் வேண்டும். அச்செயல் வலிமையாலோ, வஞ்சகத்தாலோ, ஒருவரது எளிய நிலையைப் பயன்படுத்தியோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். அவரைச் சுரண்டுவதே நோக்கமாக இருத்தல் வேண்டும். குழந்தைகளாயின் இரண்டாவது உறுப்பைக் காட்ட வேண்டுவதில்லை. இன்னும் ஒன்று கருதத்தக்கது. ஒருவர் ஓர் அடியும் பெயராமல் தம் ஊரிலேயே இவ்வாணிகத்திற்கு இரையாகலாம். தாமே விரும்பிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவரும் இரையாகலாம். வஞ்சகத்தால் பெற்ற இசைவு இசைவன்று. நம் நாட்டில் 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 143 ஆம் பிரிவும், பாதிக்கப்பட்டவர் இசைந்தாரா இல்லையா என்பது பொருட்டன்று என்றே கூறுகிறது.

இவ்விலக்கணம் ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு நம் எல்லைப்புறத்திலேயே சான்று உண்டு.

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, நெய்யாறு கடலொடு கலக்கும் இடத்திற் பூவார் என்னும் ஊர் இருக்கிறது. அதற்கு அப்பாற் பொழியூர். அதற்கும் அப்பால் நீரோடி. பொழியூர் வரை கேரளம். நீரோடி முதல் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. பாறசாலை, பூவார்ப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் இருந்த இடத்திலிருந்தபடியே வேற்று மாநிலத்தார் ஆயினர். கோடு நிலத்திற்குத்தான், கடலுக்கு அன்று. கரையின் இருபுறத்தாரும் ஒரே தொழிலைச் செய்கின்றனர். ஒரே அலையை எதிர்த்து நிற்கின்றனர். கடலரிப்பு வீடுகளை விழுங்குகிறது; மீன்பாடு ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. ஆகவே, கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வேலையை எதிர்நோக்கும் இளைஞர் இவ்வூர்களில் மிகுதி.

பொழியூரிலிருந்தும், வடக்கே உள்ள அஞ்சுதெங்கு என்னும் கடற்கரை ஊரிலிருந்தும் சென்ற இளைஞர் சிலர் உருசிய–உக்கிரேனியப் போர்முனையிற் சிக்கிக்கொண்ட செய்தி 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெளியாயிற்று. காவற்பணி, உதவியாளர் பணி, கைநிறையச் சம்பளம் என்பன அவர்களுக்குக் காட்டப்பட்ட ஆசைகள். கிடைத்தவை படைப்பயிற்சியும் துப்பாக்கியும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மத்தியப் புலனாய்வுத் துறை மனித வாணிக வழக்கொன்றைப் பதிந்து, டில்லி, மும்பை, சண்டிகர், அம்பாலா, திருவனந்தபுரம், மதுரை, சென்னை ஆகிய ஏழு நகரங்களிற் சுமார் 13 இடங்களிற் சோதனை நடத்தியது. யூடியூப் முதலிய சமூக ஊடகங்கள் வாயிலாகவும் உள்ளூர்த் தரகர் வாயிலாகவும் இளைஞரை ஈர்த்ததாகவும், அவர்களுடைய விருப்பத்திற்கு மாறாகப் போர்முனைக்கு அனுப்பியதாகவும் அத்துறை தெரிவித்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சிலர் கைதாயினர். சிக்கியவருட் சிலர் அவ்வாண்டே ஊர் திரும்பினர். சிலர் திரும்பவில்லை. 2025 சனவரியில் வெளியுறவு அமைச்சகம் அளித்த கணக்கின்படி, உருசியப் படையிற் சேர்ந்ததாக அறியப்பட்ட இந்தியர் 126 பேர். திரும்பியவர் 96 பேர். உயிரிழந்தவர் 12 பேர். எஞ்சிய 18 பேரில் 16 பேர் இருக்கும் இடமே தெரியவில்லை.

இனி, மதிப்பெண் இடுவோரைப் பார்ப்போம். இதில் மூவகையார் உளர். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் உலக நாடுகளின் புள்ளிகளைத் திரட்டி அறிக்கை வெளியிடுகிறது. ஆனால் எந்த நாட்டையும் மேல் கீழ் என்று வரிசைப்படுத்துவதில்லை. ஐரோப்பிய மன்றம் 2005 இல் இயற்றிய உடன்படிக்கையைக் கண்காணிக்கும் வல்லுநர் குழு, நாடு நாடாக நேரிற் சென்று ஆராய்ந்து, குறைகளை எடுத்துச் சொல்லி, அடுத்த சுற்றில் அவை திருந்தினவா என்று பார்க்கிறது. மூன்றாவது, அமெரிக்க அரசின் அயல்நாட்டுத் துறை. அதுவே வெளிப்படையாகத் தரம் பிரிக்கிறது. ஆகையால் செய்தித்தாள்களிற் பெரிதும் பேசப்படுகிறது.

அமெரிக்கர் 2000 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று இதற்கு அடிப்படை. 2001 இல் வெளிவந்த முதல் அறிக்கை 82 நாடுகளைக் குறித்தது. இன்று அஃது ஏறக்குறைய 190 நாடுகளைத் தழுவி நிற்கிறது. 2010 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கர் தம் நாட்டையும் அதே கோலால் அளந்து எழுதி வருகின்றனர். ஏப்பிரல் முதல் மறு ஆண்டு மார்ச்சு வரை ஒவ்வோர் அரசும் செய்த பணிகளைப் பற்றித் தூதரகங்கள் செய்தி திரட்டுகின்றன. அந்தந்த அரசிடம் கேட்கின்றனர். தொண்டு நிறுவனங்களிடம் கேட்கின்றனர். வெளியான ஏடுகளைப் படிக்கின்றனர்.

அளவுகோலின் அடித்தளம் நான்கு. இக்குற்றத்தைத் தடை செய்யும் சட்டம் இருத்தல் வேண்டும். கொடிய குற்றங்களுக்கு நிகரான தண்டனை அதில் இருத்தல் வேண்டும். அத்தண்டனை பிறரை அஞ்சச் செய்யத்தக்கதாக இருத்தல் வேண்டும். அரசு மெய்யாகவும் இடைவிடாமலும் முயலுதல் வேண்டும். இந்நான்காவதை ஆராய்வதற்குப் பன்னிரண்டு குறிப்புகள் வகுத்துள்ளனர். வழக்குகளைத் துலக்கித் தண்டனை பெற்றுத் தந்தனரா? பாதிக்கப்பட்டவரை இனங்கண்டு காத்தனரா? அவர் வாணிகத்திற்கு ஆளானபோது செய்த தவற்றுக்காக அவரையே தண்டிக்காமல் விட்டனரா? உடந்தையான அதிகாரிகள் மீது நடவடிக்கை உண்டா? மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தந்தனரா? பிற அரசுகளோடு ஒத்துழைத்தனரா? இவைபோல் வினாக்கள் அமைகின்றன. அனைத்தையும் தொகுத்துத் தண்டித்தல், காத்தல், தடுத்தல் என மூன்று சொற்களில் அடக்கிவிடலாம்.

இவ்வாராய்ச்சியின் முடிவில் நாடுகள் முதல் தரம், இரண்டாம் தரம், இரண்டாம் தரத்துக் கண்காணிப்புப் பட்டியல், மூன்றாம் தரம் என நான்காகப் பிரிக்கப்படுகின்றன. குறைந்த அளவு நெறிகளை நிறைவேற்றிய அரசு முதல் தரம். நிறைவேற்றாவிடினும் குறிப்பிடத்தக்க முயற்சி செய்யும் அரசு இரண்டாம் தரம். முயற்சி உண்டு, ஆயின் சென்ற ஆண்டினும் கூடியதற்குச் சான்று இல்லை என்றால் கண்காணிப்புப் பட்டியல். முயற்சியும் இல்லையெனில் மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தில் வீழ்ந்த நாட்டிற்கு அமெரிக்கா தரும் சிலவகை உதவிகள் நிறுத்தப்படலாம். கண்காணிப்புப் பட்டியலிலேயே ஆண்டுக்கணக்கிற் காலங்கழிப்பதற்கும் 2008 ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் எல்லை இட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். இத்தரங்கள் ஒரு நாட்டில் நடக்கும் கொடுமையின் அளவைக் காட்டுவன அல்ல; அக்கொடுமைக்கு எதிராக அரசு செய்யும் முயற்சியின் அளவையே காட்டுவன. முதல் தரத்து நாட்டில் அடிமைப்பட்டோர் இல்லை என்று பொருளன்று. காய்ச்சல் எத்தனை பேருக்கு என்பது ஒரு கணக்கு. வைத்தியர் எப்படி வேலை செய்தார் என்பது மற்றொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் அறிக்கையைப் பிழையாகப் படிக்கின்றனர்.

நம் நாடு 2001 முதல் 2003 வரை இரண்டாம் தரத்தில் இருந்தது. 2004 முதல் 2010 வரை ஏழு அறிக்கைகளிற் கண்காணிப்புப் பட்டியலில் நின்றது. 2011 இல் மீண்டும் இரண்டாம் தரத்திற்கு உயர்ந்து, 2025 ஆம் ஆண்டு அறிக்கை வரை அவ்விடத்திலேயே இருக்கிறது. 2011 மே மாதத்தில் இந்தியா பாலெர்மோ உடன்படிக்கையை உறுதி செய்தது. 2013 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370 ஆம் பிரிவு திருத்தப்பட்டு, மனித வாணிகத்திற்கு 7 முதல் 10 ஆண்டு வரை சிறையும், ஒருவருக்கு மேற்பட்டோரை வாணிகம் செய்தவருக்கு 10 ஆண்டு முதல் ஆயுட்சிறை வரையும் விதிக்கப்பட்டது. காவல் துறையில் இதற்கெனத் தனிப்பிரிவுகள் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டு வருகின்றன. எனினும் சட்டம் எழுதுதல் ஒன்று. அதனைக் கொண்டு வழக்கை முடித்தல் வேறொன்று.

பொழியூர் இளைஞருக்கு நேர்ந்ததை இக்கோலால் அளந்து பார்ப்போம். தண்டித்தல் என்னும் கூறில், மனித வாணிகம் என்றே பெயரிட்டு வழக்குப் பதிந்ததும், பல மாநிலங்களிற் பரவிய வலையை ஒரே துறை துலக்க முற்பட்டதும் நற்குறிகள். கைதும் சோதனையும் தொடக்கமே. அறமன்றத்தின் தீர்ப்பே முடிவு. காத்தல் என்னும் கூறில், 2024 சூலையிற் பிரதமர் மாஸ்கோ சென்றபோது இச்செய்தி எழுப்பப்பட்டு, விடுவிப்பதற்கு உருசிய அரசு இசைந்தமை பயன் தந்தது. ஆனால் விமானத்தில் ஏற்றி ஊர் சேர்ப்பதோடு காவல் முடிந்துவிடுவதில்லை. புண்பட்ட உடலுக்கு வைத்தியமும், தரகருக்குக் கொடுத்த கடனுக்கு வழியும், சாட்சி சொல்வதற்குத் துணையும் வேண்டும். தடுத்தல் என்னும் கூறிலேதான் பெரிய ஓட்டை தெரிகிறது. 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர் முன்னனுமதி பெற்றுச் செல்லவேண்டிய நாடுகள் பதினெட்டு. அரபு நாடுகளும் மலேசியா போன்றனவும் அப்பட்டியலில் உண்டு, உருசியா இல்லை. சுற்றுலா இசைவுச்சீட்டோடு புறப்படும் இளைஞரை நிறுத்தி, 'தம்பி, உன்னை அழைத்துச் செல்பவர் பதிவு பெற்ற முகவர்தாமா?' என்று கேட்பார் வழியில் ஒருவரும் இல்லை.

போர்முனைச் செய்தி உலகறிந்தது. ஆகவே கணக்கில் ஏறியது. கணக்கில் ஏறாமற் போவோரே பெரும்பாலோர். தேசியக் குற்றப்பதிவுக் கூடத்தின் ஏட்டின்படி 2022 இல் நாடு முழுவதும் பதிவான மனித வாணிக வழக்குகள் 2,250. பாதிக்கப்பட்டவராகக் கண்டறியப்பட்டவர் 6,036 பேர். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் இத்தொகை நம்பத்தக்கதா? 2016 இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 2030 ஆம் ஆண்டிற்குள் 1 கோடியே 84 இலட்சம் கொத்தடிமைகளை விடுவித்து மறுவாழ்வு அளிப்பதே நோக்கம் என்று அறிவித்தது. கொத்தடிமை முறையை ஒழித்த 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டோராகப் பதிவானவர் மூன்று இலட்சத்தைச் சற்றே கடந்தவர். நோக்கத்திற்கும் பதிவிற்கும் இடையே உள்ள பள்ளத்தில் எத்தனை குடும்பங்கள் புதைந்து கிடக்கின்றன என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இப்பள்ளம் ஏன் உண்டாகிறது? வட தமிழ்நாட்டுச் செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிய குற்றத்திற்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடக்கும் இருளர் உண்டு. ஒரிசாவிலிருந்து வந்து திருவள்ளூர்ச் சூளைகளில் அவ்வாறே சிக்கினவர் உண்டு. மதுரைப் பக்கத்துச் சிறுவர்கள் வட மாநிலங்களில் முறுக்குச் சுடும் தொழிலிற் பூட்டிய அறைக்குள் வேலை வாங்கப்பட்ட செய்திகளும் உண்டு. இவரை மீட்கும் அதிகாரி, 'சம்பளத் தகராறு' என்று எழுதி ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட்டால், அவர் எந்தக் கணக்கிலும் ஏறார். 'கொத்தடிமை' என்று எழுதி விடுதலைச் சான்று அளித்தால்தான் அவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவார், கடன் அழியும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பின்னர் மறுவாழ்வுத் தொகையாக ஆடவர்க்கு 1 இலட்சமும், பெண்டிர்க்கும் சிறார்க்கும் 2 இலட்சமும், மிகக் கொடிய நிலையில் 3 இலட்சமும் கிடைப்பதற்கு வழி பிறக்கும். ஆயினும் முழுத்தொகை, குற்றவாளி தண்டனை பெறுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுபட இழுபட உதவியும் இழுபடும். ஆண்டறிக்கைகள் நம் நாட்டின்மீது திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகளுள் இதுவும் ஒன்று. குறை சொல்பவர் யாராயினும் ஆகுக. விடுதலைச் சான்று இன்றி வெறுங்கையோடு ஊர் திரும்பி, அடுத்த பருவத்தில் அதே சூளைக்கு அதே முன்பணத்திற்குப் போகும் தாயைக் கண்டவர் இக்குறையை மறுக்கமாட்டார்.

மதிப்பெண் இடுவோரின் கோலும் குற்றமற்றதன்று. அதையும் சொல்லுதல் முறை. ஓர் அரசு தன் சொந்தச் சட்டப்படி பிற அரசுகளை அளக்கும்போது அங்கே நட்பும் பகையும் வாணிக நலனும் நுழையாமல் இரா. மலேசியா 2014 இல் மூன்றாம் தரத்தில் வைக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய வாங் கெலியான் காட்டில், மனித வாணிகர் முகாம்களின் அருகே நூற்றுக்கு மேற்பட்ட சவக்குழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் பின் இரண்டே திங்களில் வந்த அறிக்கை அந்நாட்டைக் கண்காணிப்புப் பட்டியலுக்கு உயர்த்தியது. அப்பொழுது அமெரிக்கா மலேசியா உட்பட்ட பசிபிக் நாடுகளோடு பெரிய வாணிக ஒப்பந்தமொன்றைப் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாம் தரத்து நாட்டோடு அத்தகைய ஒப்பந்தத்தை விரைந்து முடிக்கச் சட்டம் இடையூறாக நின்றது. துறையின் வல்லுநர் தந்த முடிவு மேலிடத்தில் மாற்றப்பட்டது என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்டது.

இன்னொரு குறை எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு மாநிலத்தில் வழக்குகள் பெருகினால் அங்கே குற்றம் பெருகியது என்றும் கொள்ளலாம். காவலர் கண் திறந்தனர் என்றும் கொள்ளலாம். வழக்கே பதியாத மாநிலம் ஏட்டில் தூய்மையாகத் தோன்றும். ஆகையால் வெறும் தொகையைக் கண்டு ஒரு மாநிலத்தை இகழ்வதும் புகழ்வதும் பேதைமை. எத்தனை வழக்கு பதிந்தது, அதில் எத்தனை தீர்ப்பாயிற்று, எத்தனை பேருக்குச் சான்றும் தொகையும் கைக்குச் சேர்ந்தன, அவருள் எத்தனை பேர் மீண்டும் சிக்காமல் இருக்கின்றனர் என்று நான்கையும் சேர்த்துக் கேட்பதே அளக்கும் முறை.

அயலார் நம்மை அளப்பதா என்று சினப்பவர்க்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டலாம். இன்று பூவாரும் பாறசாலையும் அடங்கிய அதே நிலத்தில், பழைய திருவிதாங்கூர்ச் சீமையில், மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கும் வழக்கம் இருந்தது. 1812 இல் இராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வாணிகத்திற்குத் தடை விதித்தார். நிலத்தோடு பிணைந்த அடிமைகளுக்கு அத்தடை விலக்கு அளித்தது. 1843 இல் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் அடிமை நிலையைச் சட்டம் ஏற்க மறுத்தது. 1847 இற் சமயத் தொண்டர்கள் திருவிதாங்கூர் மன்னருக்கு விண்ணப்பம் எழுதினர். வெளியிலிருந்து வற்புறுத்தல் தொடர்ந்தது. 1855 இல் அரச விளம்பரம் அடிமைகளை விடுவித்தது. வற்புறுத்தியவர் அனைவரும் மாசற்றவர் என்று கூற இயலாது; தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி அனுப்பியவரும் அவ்வினத்தாரே. எனினும் விடுதலை பெற்ற உழவனுக்கு அவ்விளம்பரம் பொய்யாகவில்லை. அயலாரின் கண்ணாடி சற்றுக் கோணலாக இருக்கலாம். அதில் தெரியும் முகத்துக் கறை நம்முடையதாயின், துடைத்துக்கொள்வது நம் கடன்.

அயலார் கோல் வேண்டா என்பவர்க்கு நம் வீட்டுக் கோலும் உண்டு. நம் அரசியலமைப்பின் 23 ஆம் பிரிவு மனித வாணிகத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. 1982 இல் உச்சநீதிமன்றம், ஆசிய விளையாட்டு விழாக் கட்டடத் தொழிலாளர் வழக்கில், குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே அப்பிரிவின்படி கட்டாய வேலையாகும் என்று தீர்ப்பளித்தது. வறுமையின் வற்புறுத்தலும் வற்புறுத்தலே என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. 1976 ஆம் ஆண்டுச் சட்டமோ, இது கொத்தடிமைக் கடனன்று என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர்மேலேயே வைத்தது. வாஷிங்டனில் எழுதிய எந்த அளவுகோலும் இவற்றினும் கூர்மையானதன்று.

இனி, மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் தமிழ் நேயர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அரசின் மதிப்பெண் எங்கிருந்து தொடங்குகிறது என்றால், யாரோ ஒருவர் காவல் நிலையத்தில் அளிக்கும் முதல் புகாரிலிருந்து தொடங்குகிறது. தரகன் ஒரு மாநிலத்தான், ஏமாந்தவர் வேறொரு மாநிலத்தார், விமானம் ஏறியது மூன்றாம் மாநிலம் என்பதால் 'இது எங்கள் எல்லையன்று' என்று திருப்பி அனுப்புவதற்கு இடமில்லை. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்விடத்து நிகழ்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். அதனைப் பதிந்து உரிய இடத்திற்கு அனுப்புதல் அவர்கள் கடமை. தகவலின் படியைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுங்கள். மொழி தெரியாத ஊரில், சொல்லியது வேறு, எழுதியது வேறு ஆகிவிடுவதுண்டு. 'வேலை செய்யப் போனான், சம்பளம் தரவில்லை' என்பதும், 'பொய் சொல்லி அழைத்துப் போனார்கள், கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டார்கள், வெளியே விடவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது வழக்காடு மன்றத்தில் ஒரு கடன் கணக்கு. பின்னது மனித வாணிகம். உங்களில் இரு மொழியும் அறிந்தவர் இச்சமயத்தில் உடன் சென்று மொழிபெயர்த்து உதவுவது, பெருந்தொகை நன்கொடையினும் பெரிய உதவி.

வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர், முகவர் பதிவு பெற்றவர்தாமா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்திற் பார்த்தறியலாம். குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளன. பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. இலட்சக்கணக்கிற் கேட்பவரை அப்பொழுதே ஐயுறுங்கள். பணம் கொடுத்த பற்றுச்சீட்டு, கைப்பேசியில் வந்த செய்தி, ஒப்பந்தத்தின் படி ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் வைத்துவிட்டுச் செல்லுங்கள். இவையே பின்னாளில் சாட்சி சொல்லும். இடர் நேர்ந்தால் 112 என்னும் எண்ணும், சிறார்க்கு 1098 என்னும் எண்ணும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண்ணும் உள்ளன.

நேயர்களே, அடுத்த ஆண்டும் அவ்வறிக்கை வெளிவரும். இந்தியா இன்ன தரம் என்று ஒரு வரி அச்சாகும். அவ்வரியைக் கண்டு பெருமிதமும் வேண்டா, சீற்றமும் வேண்டா. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள வினாக்களைப் படியுங்கள்: எத்தனை பேரை இனங்கண்டார்கள்? எத்தனை பேருக்குச் சான்று அளித்தார்கள்? எத்தனை வழக்கு முடிந்தது? அவ்வினாக்களையே நாம் வாழும் மாநிலத்து அரசிடமும், நாம் பிறந்த மாநிலத்து அரசிடமும், வாக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்பவரிடமும் கேட்போம். பெயர் எழுதப்படாதவருக்குக் காவல் இல்லை. அப்பெயர் ஏட்டில் ஏறும்வரை அருகில் நிற்பது அரசின் கடமை மட்டுமன்று. அவரது மொழி அறிந்த நமது கடமையும் ஆகும்.